கப்பலில் அட்லாண்டிக் கடக்கும் மதுரைக்காரர்களுக்கு: கேபினை எங்கே எடுப்பது?

மகள் லண்டனில், மகன் நியூஜெர்சியில் என்று பிள்ளைகளை இரண்டு கரையிலும் வைத்திருக்கும் பெற்றோர் இப்போது அண்ணாநகர், கே.கே.நகர் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். "மகள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கு விமானத்துக்குப் பதில் கப்பலில் போனால் என்ன?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார். எங்கள் வீட்டில் ஆரம்பித்தது அப்பா. விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஊருக்குள் கேட்ட இடங்களிலெல்லாம் சிங்கப்பூர், மலேசியா பேக்கேஜோடு ஒட்டி வரும் மூன்று ராத்திரிக் கப்பலைத்தான் காட்டினார்கள். ஒரு ஏஜென்ட், "பால்கனி போட்டுருவோம் சார், ரூம் எங்க இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒன்றே இல்லை. துறைமுகம் துறைமுகமாக நிற்கும் கப்பலில் பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் கேபினுக்கு வருவோம். கடல் கடக்கும் பயணத்தில் ஒரு வாரம் கரையே கிடையாது. மனம் சரியில்லை, வயிறு சரியில்லை, கால் வலி, எல்லாவற்றுக்கும் ஒதுங்க இருக்கிற இடம் அந்த ஒரு அறைதான். அதனால் கேபினைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கப்பலில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து எடுங்கள்.

1. எந்தக் கப்பல், எந்தத் திசை, எந்த மாதம்

இரண்டு வகை உண்டு. கூனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2, இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்டவணை போட்டுப் போய்வருகிறது. பெரும்பாலும் 7 இரவுகள். 2004 முதல் ஓடும் கப்பல்; நீளம் 345 மீட்டர்; பெருங்கடல் தாண்டுவதற்கென்றே கட்டியது. இன்னொரு வகை, பருவத்துக்கு இடம் மாறும் சுற்றுலாக் கப்பல்கள். கோடைக்கு ஐரோப்பா, குளிருக்குக் கரீபியன் என்று இவை மாறும்போது, வெறுமனே போகாமல் ஆளேற்றிக்கொண்டு போகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கே வரும். அக்டோபர், நவம்பரில் மேற்கே போகும். பத்து முதல் பதினைந்து இரவுகள், வழியில் அசோரஸ், மதீரா, கேனரி தீவுகளில் ஏதாவது ஒன்றிரண்டு. ஓர் இரவுக்கு என்று கணக்குப் போட்டால் இது மலிவாக வரும்.

திசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி அந்த 5 மணி நேரத்தையும் நமக்குத் தூக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். கிழக்கே வந்தால் அதே நேரம் பறிபோகும். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மேற்கே போவதே நல்லது. ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். கப்பலின் வேகமும் சேர்ந்துகொள்ள, மேற்கே போகிறவர்களுக்கு எதிர்க்காற்று முகத்தில் அறையும். பால்கனிக்குக் கூடுதல் காசு கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மாதம்: குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கொந்தளிக்கும். முதல் தடவை போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை விட்டுவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ஒப்பீட்டளவில் அமைதி. ஆனால் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில் மூடுபனி இறங்கும். பனி இருக்கும்வரை கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நீளமாக ஹாரன் அடித்தாக வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ராத்திரியிலும்தான். மேல் தளங்களில், ஹாரனுக்குப் பக்கத்தில் கேபின் எடுத்தவர்கள் பாவம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிப் பருவம். கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஆனால் அலை வந்து சேரும்.

2. விசா கைக்கு வந்தபின் முழுப் பணம்

நேரம் தின்பது இதுதான். சவுத்தாம்டனில் ஏறி நியூயார்க்கில் இறங்க, பிரிட்டன் விசிட்டர் விசா, அமெரிக்காவின் பி1/பி2 என்ற விசிட்டர் விசா இரண்டும் வேண்டும். கப்பலில் இறங்குவதால் தனிச் சலுகை எதுவும் இல்லை. விசா இல்லாவிட்டால் சவுத்தாம்டனில் ஏறவே விடமாட்டார்கள்.

பாஸ்போர்ட்: பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க, ரேஸ் கோர்ஸ் பக்கம் இருக்கிற மண்டல அலுவலகத்தின் கீழ் வரும் சேவை மையத்துக்கு நேரம் வாங்கிப் போங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000.

அமெரிக்க விசா: விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். முதல் தடவை என்றால் கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள், இரண்டும் சென்னையில். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வாங்கிவிட்டால் ஒரே பயணத்தில் முடியும். நேர்காணல் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகலாம், ஆகவே கப்பல் தேடும் முன்பே இதற்கு விண்ணப்பியுங்கள்.

பிரிட்டன் விசா: ஆறு மாத விசிட்டர் விசா சுமார் 130 பவுண்டு, ஆண்டுக்காண்டு ஏறுகிறது. வங்கி அறிக்கை, பென்ஷன் ஆணை, பிள்ளையின் அழைப்புக் கடிதம், மதுரைக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான சொத்துக் காகிதங்கள்.

பார்சிலோனாவிலோ லிஸ்பனிலோ ஏறுவதானால் பிரிட்டன் விசாவுக்குப் பதில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அசோரஸ், மதீரா, கேனரி எல்லாம் ஷெங்கனுக்குள்தான். ஆனால் கப்பல் நடுவே மொராக்கோவைத் தொட்டுவிட்டு மறுபடி ஸ்பெயினுக்குப் போனால் ஒரே நுழைவு விசா போதாது. அட்டவணையை வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, பெயர் மட்டும் இருக்கும். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராக மாறி, முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று அச்சாகிவிடும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு இனிஷியலை விரித்துப் போட்டுவிட்டால் டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றும் மூன்று ஆளுடையது மாதிரி இருக்கும். முன்பணம் கட்டும் முன்பே, பாஸ்போர்ட்டில் இருப்பதை எப்படிப் போடுவது என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே பெயரைப் பிரித்துப் போட்டுவிடுவது நிம்மதி.

முன்பணத்திலும் இரண்டு வகை. மலிவுக் கட்டணத்தில் முன்பணம் திரும்ப வராது. கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் வரும். விசா கைக்கு வராதவர்கள் இரண்டாவதை எடுங்கள். மீதிப் பணத்தைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே கேட்பார்கள்.

3. தள வரைபடத்தை விரித்து வையுங்கள்

ஒவ்வொரு கப்பலுக்கும் தளம் தளமாக வரைபடம் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். செல்போனில் பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஏ3 தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் கேபினின் தளம், அதற்கு மேல் தளம், கீழ்த் தளம், மூன்றும் வேண்டும். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் தலைக்கு மேல் என்ன, காலுக்குக் கீழ் என்ன என்று தெரிந்துவிடும். இந்த வேலையை எந்த ஏஜென்ட்டும் உங்களுக்காகச் செய்யமாட்டார்.

கேபின் எண்ணின் முதல் இலக்கமோ இரண்டு இலக்கமோ தளத்தைச் சொல்லும். பல கப்பல்களில் இரட்டை எண் இடப்பக்கம், ஒற்றை எண் வலப்பக்கம். எல்லாவற்றிலும் அப்படி இல்லை என்பதால் வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். சிறு குறிகளுக்கான விளக்கம் ஓரத்தில் இருக்கும். பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு உள்ள கேபினுக்குத் தனிக் குறி. குடும்பமாக இரண்டு அறை எடுத்தால் அது வசதி. இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்களின் குறட்டை அந்தக் கதவு வழியே உங்களுக்கு வந்துசேரும்.

4. ஆட்டம் குறைய: நடுவில், தாழ்வாக

அரசு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ராமேஸ்வரம் போனவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கப்பலும் அப்படித்தான். அலையில் மூக்கும் வாலும் ஏறி இறங்கும்; நடுப்பகுதி பெரிதாக அசையாது. அதோடு பக்கவாட்டு ஆட்டமும் உண்டு, அது உயரம் போகப் போகக் கூடும். ஆக, நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் உடம்புக்கு நிம்மதி.

"இப்பல்லாம் ஸ்டெபிலைசர் இருக்கு சார், ஆடவே ஆடாது" என்பார்கள். கப்பலின் இருபுறமும் நீருக்குள் நீளும் துடுப்புகள் அவை. பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. எதிர் அலையில் போகும் மேற்குப் பயணத்தில் வருவது இந்த இரண்டாவது வகைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த சூட் அறைகள் பெரும்பாலும் உயரத்தில், அல்லது முனைகளில் இருக்கும். ஆட்டம் குறைந்த கீழ்த்தள அறைகள் அவற்றைவிட விலை குறைந்தவை. காசு மிச்சம், வயிறும் பத்திரம்.

தலைசுற்றலுக்கு நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அவோமின் பலருக்குப் போதும். தூக்கம் வரும், பிரஷர், சர்க்கரை, புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். இஞ்சி மரப்பா ஒரு டப்பா எடுத்துப் போங்கள்.

5. சத்தம்: மேலேயும் கீழேயும் கேபின்தானா?

ஆட்டம் எல்லோருக்கும் ஒன்றும் செய்வதில்லை. சத்தம் யாரையும் விடாது. பார்க்க வேண்டியவை:

தலைக்கு மேல் நீச்சல்குளத் தளமோ பஃபே உணவகமோ இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். காலுக்குக் கீழ் நாடக அரங்கோ நடனக் கூடமோ இருந்தால் நடுராத்திரி வரை கீழிருந்து அதிரும். லிஃப்டுக்கு நேர் எதிர் அறையில் பேச்சுச் சத்தம். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடம் காலியிடம் என்று நினைக்காதீர்கள். ஊழியர் வழி, சமையலறை, தள்ளுவண்டி நிறுத்துமிடம் எதுவாகவும் இருக்கலாம். ரொம்பக் கீழே வால் பக்கம் போனால் இயந்திர அதிர்வு. ரொம்பக் கீழே மூக்குப் பக்கம் போனால், துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும் விசிறி இயந்திரமும் நங்கூரச் சங்கிலியும். கடக்கும் பயணத்தில் துறைமுகமே குறைவு என்பதால் இந்தக் கடைசி விஷயத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

குயின் மேரி 2-ஐ எடுத்துக்கொண்டால்: 2, 3ஆம் தளங்களில் அரங்கு, பெரிய உணவகம். 7ஆம் தளத்தில் பஃபே. நடுவில் 4, 5, 6 கேபின் தளங்கள். 6இன் தலைக்கு மேல் பஃபே வரும் பகுதி உண்டு. 4இன் காலுக்குக் கீழ் பொது இடங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருப்பது 5ஆம் தளம். நடுப்பக்கம், 5ஆம் தளம், லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி: என்னைக் கேட்டால் அங்கே இடம் கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

6. உள் அறையா, ஜன்னலா, பால்கனியா

ஏழு நாள் ஜன்னல் இல்லாமல் இருப்பது உங்களுக்குச் சரிவருமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியதுதான். உள் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா இரவா தெரியாது. தூக்கத்துக்கு அருமை. மூச்சு முட்டுகிற மாதிரி உணர்பவர்களுக்கு நரகம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஜன்னல் இல்லாமல் ஆகாது. மீனாட்சி அம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டத்திலேயே தூணோரம் ஒதுங்கிக் காற்று தேடுகிறவர்.

பால்கனியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கரீபியனில் அது சொர்க்கம். வட அட்லாண்டிக்கில் மேற்கே போகும்போது குளிர், காற்று, ஈரம். பல நாட்கள் கதவையே திறக்க மாட்டீர்கள். அந்தப் பணத்தில் ஜன்னல் அறையை நல்ல இடத்தில் எடுக்கலாம். பால்கனி வேண்டியே தீரும் என்றால், குயின் மேரி 2-இல் 4 முதல் 6 வரையுள்ள தளங்களில் கப்பலின் இரும்பு உடலுக்குள்ளேயே குடைந்த பால்கனிகள் உண்டு. காற்று அவ்வளவாக அடிக்காது. ஆனால் முன்சுவர் இரும்பு என்பதால் உட்கார்ந்தால் கடல் தெரியாது, எழுந்து நிற்க வேண்டும். 8ஆம் தளத்தில் பல பால்கனிகளின் எதிரே உயிர்காப்புப் படகுகள் தொங்கும். "மறைக்கப்பட்ட காட்சி" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், விலையும் அதற்கேற்பக் குறைவு. தெரிந்தே எடுத்தால் தப்பில்லை.

எந்தப் பக்கம்? மேற்கே போகும்போது தெற்கு இடப்பக்கம் வரும், வெயில் அங்கேதான். கிழக்கே வந்தால் வலப்பக்கம். நம் ஊரில் வெயிலுக்கு ஒளிகிறவர்கள் அங்கே அதைத் தேடுவீர்கள்.

7. "கேரண்டி" என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள்

மலிவு விலையில் "கேரண்டி கேபின்" என்று விற்பார்கள். உத்தரவாதம் வகைக்கு மட்டும்தான், இடத்துக்கு இல்லை. ஜன்னல் அறை என்றால் ஏதோ ஒரு ஜன்னல் அறை. எங்கே என்பது புறப்படும் சமயத்தில் தெரியும். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட மூக்கு நுனி அறை வர வாய்ப்பு அதிகம். வரைபடத்தோடு இத்தனை மல்லுக்கட்டியதெல்லாம் வீணாகிவிடும். கேபின் எண் அச்சிட்ட ரசீது கையில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு, இலவச அப்கிரேடு. நடுவில் கீழே பார்த்துப் பார்த்து எடுத்த ஜன்னல் அறையை, உயரத்தில் முன்பக்கம் இருக்கும் பால்கனியாக மாற்றிக் கொடுத்துச் சிரிப்பார்கள். "என் அனுமதி இல்லாமல் கேபினை மாற்ற வேண்டாம்" என்று முன்பதிவில் குறிக்கச் சொல்லுங்கள்.

8. கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுகள்

கேபின் விலை எப்போதும் இருவர் தங்கும் கணக்கில், தலைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்கு மேல், ஊழியர் சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வைஃபைக்குத் தனிக் காசு. போனை ஏர்பிளேன் மோடில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் தானாகப் பிடிக்கும் கப்பல் சிக்னலின் பில் ஊர் திரும்பியபின் வரும்.

இந்திய ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியைச் சேர்ப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும் நாளில் கேளுங்கள். அது திரும்ப வரும் பணம். யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டாத அப்பாவின் பான் என்றாலும் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். வருமான வரி இணையதளத்தில் அந்தப் பணம் அவர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் உண்டு.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பல் டாக்டர் இலவசம் இல்லை, டாலரில் பில். நடு அட்லாண்டிக்கில் ஹெலிகாப்டர் எட்டாத தூரமும் உண்டு. பாலிசியில் கப்பல் பயணம் அடங்குமா, இருக்கிற நோய்களுக்குப் பணம் தருவார்களா, அவசர மருத்துவப் போக்குவரத்து உண்டா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சர்க்கரையை மறைத்து பாலிசி எடுத்தால் பிரீமியம் மிச்சம், கிளெய்ம் பூஜ்யம்.

9. பெற்றோரோடு போகிறவர்களுக்கு

முழங்கால் வலிக்காரர்களுக்கு 345 மீட்டர் கப்பல் சின்ன விஷயமில்லை. சாப்பாட்டு அறைக்குப் போகும் லிஃப்ட் எது என்று வரைபடத்தில் குறித்து, அதற்கு அருகில் கேபின் பாருங்கள். குளியலறையில் தொட்டியா, ஷவரா என்று கேளுங்கள். ஆடும் கப்பலில் தொட்டி விளிம்பைத் தாண்டுவது ஆபத்து. கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள். சைவச் சாப்பாட்டை முன்பதிவின்போதே பதியுங்கள். ஏறியபின் தலைமைப் பரிமாறுபவரிடம் இன்னொரு தடவை சொன்னால், மறுநாளுக்குப் பருப்பும் சாதமும் வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

10. பெட்டியும் புறப்பாடும்

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கேபினில் கூடாது, பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஊதுபத்தி, சூடம், அகல் விளக்கும் அப்படியே. கப்பலில் நெருப்பு என்றால் விளையாட்டில்லை. அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை, பழம் கொண்டுபோய்ச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மாத்திரைகள் கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

மதுரையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இல்லை. சென்னை, மும்பை, கொழும்பு என்று ஏதாவது ஒரு வழி. கப்பல் காத்திருக்காது என்பதால் குறைந்தது ஒரு நாள் முன்னதாக, முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக லண்டனில் இறங்குங்கள். வாட்டர்லூ நிலையத்திலிருந்து சவுத்தாம்டன் சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். சவுத்தாம்டனில் கப்பல் முனையங்கள் பல, டிக்கெட்டில் எது என்று பார்த்து டாக்ஸி ஏறுங்கள்.

குயின் மேரி 2 நியூயார்க்கில் புரூக்ளின் முனையத்தில் காலையிலேயே கட்டும். மகன் பத்து மணிக்கு மேல் வந்தால் போதும். குடியேற்ற அதிகாரியிடம் பாஸ்போர்ட், மகனின் முகவரி, ஊர் திரும்பும் விமான டிக்கெட் மூன்றையும் எடுத்து வையுங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் அன்றைக்கே ஐ-94 என்ற அமெரிக்க நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விசாவில் உள்ள தேதி இல்லை, அந்தத் தேதிதான் கணக்கு.